ரெண்டு மாத்திரைல ஒரு கதை: பொழுதுபோக்கா சிறுகதை எழுதப் பழகுறது எப்படி

கோவில்பட்டில ஒரு மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல 14 வருசமா நிக்கிறேன், அதுல கடைசி 9 வருசமா கதையும் எழுதிட்டு இருக்கேன். எழுத்தாளர்னு சொல்லிக்கிற அளவுக்கெல்லாம் இல்லீங்க, பத்திரிகைல வந்தது மொத்தமே 4 கதை, நோட்டுல தூங்குறது ஒரு 30 இருக்கும், கிழிச்சுப் போட்டதுக்குக் கணக்கு கெடையாது. ஆனா "எனக்கும் கதை எழுதணும்னு ஆசை, எங்கேந்து ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல"ன்னு கேக்குறவங்களுக்கு ரொம்பப் பெரிய ஆளுங்க சொல்றதை விட என்னை மாதிரி பாதி வழில நிக்கிறவன் சொல்றது கொஞ்சம் உபயோகமா இருக்கும்னு நெனைக்கிறேன், ஏன்னா நான் எங்கெங்க விழுந்தேன்னு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. பொத்தாம்பொதுவா சொல்லாம நான் எழுதின ஒரே ஒரு கதையை எடுத்து அது எப்படி உருவாச்சு, எங்க கெட்டுப்போச்சு, எப்படி சரி பண்ணினேன்னு சொல்றேன். நாவல் பத்தி எனக்குத் தெரியாது, இது சிறுகதைக்கு மட்டும்.

முதல்ல ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கோங்க. நான் ஆரம்பத்துல பில் பேப்பர் பின்னாடி எழுதுவேன், அது பில்லோடயே போயிரும், அப்புறந்தான் சட்டைப் பைல வைக்கிற அளவுக்கு ஒரு நோட்டு வாங்கினேன். போன்லயும் எழுதலாம், ஆனா போனை எடுத்தா வாட்ஸ்அப்புக்குப் போயிருவேன், அது என் பிரச்சனை. நோட்டுல எழுதுறதுக்கு ஒரே கட்டுப்பாடு, பாத்ததையும் கேட்டதையும் மட்டுந்தான் எழுதணும், அதைப் பத்தி நீங்க என்ன நெனைச்சீங்கன்னு எழுதக் கூடாது. "பாவம் ஒரு ஏழைத் தாய்"னு எழுதினா ஆறு மாசம் கழிச்சுப் படிக்கும்போது ஒண்ணுமே ஞாபகம் வராது. "மஞ்சப் பைக்குள்ள ஒரு பை, அதுக்குள்ள ஒரு பர்ஸ், அதுக்குள்ள சீட்டு, நாலா மடிச்சது, மடிப்புல கிழிஞ்சிருக்கு"ன்னு எழுதி வச்சா அந்த அம்மாவே எந்திரிச்சு வந்து நிக்கும்.

மெடிக்கல் கடைல நிக்கிறதுல ஒரு வசதி என்னன்னா இங்க யாரும் விஷயத்தை நேரா சொல்ல மாட்டாங்க. ஒருத்தர் வருவாரு, தலைவலி மாத்திரை கேப்பாரு, ஒரு சோப்பு கேப்பாரு, பக்கத்துல நிக்கிற ஆள் போற வரைக்கும் பிஸ்கட் பாக்கெட்ட திருப்பித் திருப்பிப் பாப்பாரு, அப்புறந்தான் வந்த காரியத்தைச் சொல்லுவாரு. "யாருக்கும்மா இது?"ன்னு கேட்டா "பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு"ன்னு பதில் வரும். மொத ரெண்டு வருசம் நான் எழுதின கதைல எல்லாரும் மனசுல இருக்கிறதை அப்படியே கொட்டுவாங்க, "நீ என்னை ஏமாத்திட்ட, என் நம்பிக்கையை உடைச்சிட்ட"ன்னு சீரியல் மாதிரி. பகல் பூரா கவுண்டர்ல மனுசங்க சுத்தி வளைச்சுப் பேசுறதைக் கேட்டுட்டு ராத்திரி வீட்டுக்குப் போயி நேரா பேசுற மனுசங்களா எழுதிட்டு இருந்திருக்கேன், காது ஒரு பக்கம் கை ஒரு பக்கம். ஒரு நாள் இது உறைச்சுது. அன்னைலேந்து கதைல ஒருத்தர் பேசும்போது நான் என்னையே கேட்டுக்கிற கேள்வி, இவரு சொல்லாம வச்சிருக்கிற விஷயம் எது, அதைச் சுத்தி எந்த சோப்பையும் பிஸ்கட்டையும் கேக்குறாரு.

சரி, கதைக்கு வருவோம். நோட்டுல இருந்த வரி இதுதான்: "தாத்தா, பிரஷர் மாத்திரை, தெனம் 2 மட்டும். அட்டையா வாங்க மாட்டேங்கிறாரு."

அவ்வளவுதான். ஒரு பெரியவர் தெனமும் சாயங்காலம் வந்து ரெண்டு மாத்திரை மட்டும் வாங்கிட்டுப் போவாரு, முழு அட்டையா வாங்கினாலும் ஒரு மாத்திரைக்கு அதே வெலைதான்னு சொன்னாலும் கேக்க மாட்டாரு. இதை வச்சு ஒரு கதை எழுதலாம்னு உக்காந்தேன். உக்காந்த உடனே என்ன தோணுச்சுன்னா, ஒரு நாள் அவரு வந்து ஒண்ணு மட்டும் போதும்னு கேக்குறாரு, ஏன்னா இன்னொண்ணு அவர் சம்சாரத்துக்கு, அந்தம்மா செத்துப் போச்சு. ஆகா, என்னா முடிவுன்னு எனக்கே கண்ணு கலங்கிருச்சு. எழுதி முடிச்சு கூட்டாளி ஒருத்தன்கிட்ட குடுத்தேன், தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு பாக்குறவன், கதையெல்லாம் நெறைய படிக்கிறவன். அவன் ரெண்டாவது பாராவுலயே "பொண்டாட்டி செத்துருமோ?"ன்னு கேட்டான்.

இதுலேந்து நான் புடிச்சிக்கிட்ட பழக்கம் ஒண்ணு. மொதல்ல தோணுற முடிவை ஒரு தாள்ல எழுதி ஓரமா வச்சிருவேன், ரெண்டாவது தோணுறதையும் வச்சிருவேன். உங்களுக்கு உடனே தோணுறது படிக்கிறவனுக்கும் உடனே தோணும், ரெண்டு பேரும் பாத்த சினிமா ஒண்ணுதானே. மூணாவது நாலாவதுக்குப் போகும்போதுதான் பழைய சரக்கு தீந்து போயி, "சரி, நிஜமாவே அந்த மனுசன் ஏன் ரெண்டு ரெண்டா வாங்குறாரு?"ன்னு யோசிக்க ஆரம்பிப்போம். நான் யோசிச்சேன். காசு இல்லாமலா? செருப்பு நல்ல செருப்பு, சட்டை இஸ்திரி போட்டது. மறதியா? இல்ல, சில்லறையை சரியா எண்ணி வைக்கிறாரு. அப்புறந்தான் நோட்டைப் பொரட்டும்போது வேற ஒரு நாள் எழுதின வரி கண்ணுல பட்டுச்சு, "தாத்தா போறப்ப நாளைக்கு வாரேன்னு சொல்லிட்டுப் போறாரு." அதை எழுதினப்ப எனக்கு அதுல ஒண்ணும் தெரியல. தெனம் வர்றதுக்கு ஒரு காரணம் வேணும்ல அவருக்கு? கதை அங்கதான் இருந்துச்சு.

ஆனா கதை கெடைச்சிருச்சுன்னு உடனே எழுதிட முடியாது, எங்க தொடங்குறதுன்னு ஒண்ணு இருக்கு. இங்க படிக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். எங்க ஊருக்குப் பக்கத்துல இடைசெவல்னு ஒரு சின்ன கிராமம், அந்த ஒரே ஊர்லேந்து கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் வந்திருக்காங்க, சாகித்திய அகாடமி விருது அழகிரிசாமிக்கு 1970ல, கி.ரா.வுக்கு 1991ல. பக்கத்து ஊர்க்காரங்கங்கறதுக்காகவே நான் இவங்களைப் படிக்க ஆரம்பிச்சேன், பெருமைக்குன்னு வச்சுக்கோங்களேன். சும்மா படிச்சா கதை ஓட்டத்துல அடிச்சிட்டுப் போயிரும், தொழில் கண்ணுல படாது. அதனால பிடிச்ச கதை ஒண்ணை எடுத்து கையால முழுசா ஒரு தடவை எழுதிப் பாருங்க, பாத்து எழுதுறதுதான், பரீட்சைல பிட்டு அடிக்கிற மாதிரி. கை வலிக்கும், ரெண்டு மூணு நாள் ஆகும், ஆனா கண்ணு தாண்டிப் போயிருந்த வாக்கியத்துலெல்லாம் கை நின்னு போகும். நான் அப்படி எழுதினது கி.ரா.வோட 'கதவு'. ஏழை வீட்டுப் பிள்ளைங்க கதவுல ஏறி பஸ் வெளையாட்டு வெளையாடும், தீர்வை, அதான் நெலவரி, பாக்கின்னு ஒரு நாள் கதவைக் கழட்டித் தூக்கிட்டுப் போயிருவாங்க. வறுமைன்னா என்னன்னு விளக்குற வேலையே அதுல இல்ல, கதவு இருக்கு, அப்புறம் கதவு இல்ல. கையால எழுதும்போதுதான் எனக்கு இது தெரிஞ்சுது, அதுக்கு முன்னாடி மூணு தடவை படிச்சும் தெரியல.

தொடக்கத்துக்கு கு.ப.ராஜகோபாலனோட 'விடியுமா?' எடுத்துப் படிங்க. தந்தி வர்றதுலேந்து கதை தொடங்கிருது, அப்புறம் ராத்திரி ரயில் பயணந்தான் கிட்டத்தட்ட மொத்தமும். ஆஸ்பத்திரில இருக்கிற மனுசன் யாரு, கல்யாணம் எப்போ, குடும்பம் எப்படின்னு நம்மள மாதிரி ஆளுங்க மூணு பக்கம் எழுதிட்டுத்தான் தந்தியைக் கொண்டு வருவோம். புத்தகம் வாங்கணும்னு அவசியம் இல்ல, கிளை நூலகத்துல கெடைக்கும், புதுமைப்பித்தன் கதைங்க மதுரைத் திட்டம்ங்கற இணைய நூலகத்துல இலவசமாவே இருக்கு.

நான் எழுதின மொத டிராஃப்ட் தொடக்கத்தை வெக்கத்தை விட்டு இங்க போடுறேன்:

"மாலைக் கதிரவன் மேற்கு வானில் செங்குழம்பைப் பூசிக்கொண்டிருந்த வேளையில், வாழ்க்கையின் அத்தனை சோகங்களையும் தன் சுருங்கிய முகத்தில் சுமந்தபடி அந்த முதியவர் தள்ளாடித் தள்ளாடி மருந்துக் கடையை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவருடைய விழிகளில் இனம்புரியாத ஓர் ஏக்கம் குடிகொண்டிருந்தது."

இதுல என்ன தப்புன்னு பாப்போம். கதிரவன், நான் வாழ்க்கைல ஒரு நாளும் சூரியனை கதிரவன்னு சொன்னதில்ல. கடை கெழக்கு பாத்த கடை, உள்ள நிக்கிறவனுக்கு மேற்கு வானம் எங்கேந்து தெரியும்? 'தள்ளாடித் தள்ளாடி', நிஜத் தாத்தா என்னை விட வேகமா நடப்பாரு. 'இனம்புரியாத ஏக்கம்', எழுதுற எனக்கே அது என்னன்னு புரியலைங்கறதைத்தான் அப்படி எழுதியிருக்கேன். அதை விடப் பெரிய தப்பு, கதையோட ரகசியத்தை, அவரு தனியா இருக்கிறாருங்கறதை, மொத ரெண்டு வரிலயே போட்டு உடைச்சாச்சு. அப்புறம் படிக்கிறவனுக்கு என்ன வேலை?

நாலாவது டிராஃப்ட்ல இப்படி ஆச்சு:

"ஏழு மணி பஸ் போன பிறகுதான் வருவார். வந்ததும் சில்லறையை எடுத்துக் கண்ணாடி மேல் அடுக்குவார்.
'ரெண்டு குடுங்க.'
'அட்டையா வாங்கிக்கோங்க பெரியவரே. அதே விலைதான்.'
'ரெண்டு போதும்.'
கத்திரியை எடுத்தேன். வெட்டி முடிக்கும் வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
'இன்னைக்குக் கூட்டம் இல்லையோ?' என்றார்."

பிரமாதம்னு சொல்ல வரல. ஆனா அந்தக் கடைசிக் கேள்வி எனக்குப் பிடிக்கும், அதுக்காகவே மூணு டிராஃப்ட் கிழிச்சது தகும்.

இப்ப தமிழ்ல எழுதுறவங்க கவனிக்க வேண்டிய சில விஷயங்கள், இதுலதான் நான் நெறைய நேரம் செலவழிச்சேன், நீங்களும் செலவழிங்க.

நாம பேசுறது ஒரு தமிழ், எழுதுறது இன்னொரு தமிழ். கதைல ரெண்டும் வரணும். சுலபமான வழி, கதை சொல்ற பகுதியை எளிமையான எழுத்துத் தமிழ்லயும் பேச்சை பேச்சுத் தமிழ்லயும் வைக்கிறது, மேல இருக்கிற மாதிரி. மொத்தக் கதையையும் பேச்சு வழக்குல சொல்லலாம், கி.ரா. சொல்லியிருக்காரு, கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியே தொகுத்தவரு அவரு, அந்தக் காது நமக்கு வர நாளாகும். ஆரம்பத்துல பேச்சுல மட்டும் வட்டார வழக்கைப் போடுங்க, அதுவும் எல்லா வார்த்தையையும் ஒடிச்சு வளைக்க வேண்டாம், ஒரு ஆளுக்கு ரெண்டு மூணு அடையாளம் போதும். 'இங்கன', 'வாரேன்', 'என்னத்துக்கு' இந்த மூணு வந்தாலே எங்க பக்கத்து ஆளுன்னு தெரிஞ்சிரும். எல்லாத்தையும் ஒலிக்கிற மாதிரியே எழுதினா வேலூர்ல படிக்கிறவரு எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும், கதை போயிரும்.

அடுத்து நம்ம வாக்கியம் வினைல முடியும். அதனால புதுசா எழுதுறவங்க பக்கத்தைப் பாத்தா வந்தார், எடுத்தார், கொடுத்தார், சென்றார்னு கூட்ஸ் வண்டி மாதிரி வரிசையா ஆர் ஆர் ஆர்னு போகும். சத்தமா வாசிச்சா உடனே தெரியும். ரெண்டு செயலை 'எடுத்து', 'வச்சுட்டு'ன்னு கோத்து ஒரே வாக்கியமாக்கலாம், சில எடத்துல வினையே இல்லாம முடிக்கலாம், 'நல்ல செருப்பு. இஸ்திரி போட்ட சட்டை'ன்னு. 'அவர்'ங்கறதையும் பாதி எடத்துல தூக்கிரலாம், வினையே யாருன்னு சொல்லிருதுல்ல. இன்னொண்ணு, 'என்றார்' போதும். கர்ஜித்தார், உறுமினார், முனகினார், கிசுகிசுத்தார்னு ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு மிருகத்தைக் கட்டி வைக்காதீங்க. 'என்றார்' யாரு கண்ணுலயும் படாது, அதுதான் அதோட அழகு.

அப்புறம் ஏ, ஓ, தான், கூட, ஆவது. இந்தக் குட்டி ஒட்டுங்கதான் தமிழ்ல பாதி நடிப்பைப் பண்ணுது. "ரெண்டு குடுங்க"ங்கறவரு வாங்க வந்தவரு. "ரெண்டே ரெண்டு குடுங்க"ங்கறவரு பேரம் பேசுறாரு. "ரெண்டாவது குடுங்க"ங்கறவரு ஏற்கனவே நெறைய கேட்டு இல்லைன்னு வாங்கி நிக்கிறாரு. மாத்திரை ஒண்ணுதான், ஆள் மூணு பேரு. நீங்க "அவர் கெஞ்சும் குரலில் கேட்டார்"னு எழுத வேண்டிய அவசியமே இல்ல, 'ஆவது' அதைப் பாத்துக்கும்.

இதை விடப் பெரிய ஆயுதம் ஒண்ணு இருக்கு, மரியாதை. வந்தான், வந்தார், வந்தாள், வந்துச்சு. கதை சொல்றவன் யாருக்கு 'ஆர்' போடுறான், யாருக்கு 'ஆன்' போடுறான்னு பாத்தாலே அவன் யாருன்னு தெரிஞ்சிரும். என் பழைய கதை ஒண்ணுல முதலாளி 'வந்தார்', அவரை விட இருவது வயசு மூத்த, கூட்டிப் பெருக்குறவர் 'வந்தான்'. எழுதும்போது எனக்கு உறுத்தவே இல்ல, படிச்ச ஒரு அக்காதான் "ஏன் தம்பி, இவருக்கு மரியாதை கெடையாதா?"ன்னு கேட்டாங்க. மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு. வேணும்னே பண்ணினா அது கலை, தெரியாம பண்ணினா நம்ம வளர்ப்பு வெளில தெரியுது. பேச்சுலயும் அப்படித்தான், 'நீங்க'லேந்து 'நீ'க்கு மாறுற எடம் ஒரு கதையோட திருப்பமாவே இருக்கலாம். மாத்திரைக் கதைல நான் பண்ணினதே அதுதான். தாத்தா தொடக்கத்துல 'குடுங்க'ம்பாரு, கடைக்காரன் 'பெரியவரே'ம்பான். நடுவுல என்னைக்குன்னே தெரியாம அவன் 'தாத்தா'ன்னு கூப்புட ஆரம்பிச்சிருப்பான். கடைசில அவரு 'தாயேன்'னு கேப்பாரு. இதை எங்கயும் சுட்டிக் காட்டல.

பேர் வைக்கிறதுலயும் கொஞ்சம் கவனம் வேணும். எழுவது வயசு கரிசக்காட்டுத் தாத்தாவுக்கு ஆதித்யான்னு பேர் வச்சா முடிஞ்சுது கதை. நம்ம ஊர்ல பேரே வயசு, ஊரு, மதம், சில சமயம் சாதி வரைக்கும் சொல்லிரும், அதனால பேரு வைக்கும்போது என்னெல்லாம் சேந்து வருதுன்னு ஒரு நிமிசம் யோசிங்க. பழைய கல்யாணப் பத்திரிகை நாலு எடுத்து வச்சுக்கிட்டா பேருக்குப் பஞ்சமே வராது. மாத்திரைக் கதைல கடைசி வரைக்கும் தாத்தாவுக்குப் பேர் வைக்கல, கடைக்காரனுக்கு அவர் பேரு தெரியாது, நெசத்துலயும் எனக்குத் தெரியாது.

முடிவுக்கு வருவோம். கதைல ஒரு நாள் தாத்தா வந்து முழு அட்டை கேக்குறாரு. மகன் சென்னைக்குக் கூட்டிட்டுப் போறான், காலைல வண்டி. கடைக்காரன் அட்டையைக் குடுக்குறான், அவரு காசை வச்சிட்டு படி எறங்குறாரு. எறங்கினவரு திரும்பி வந்து, "இதை ரெண்டு ரெண்டா வெட்டித் தாயேன்"ங்கறாரு.

மூணாவது டிராஃப்ட் வரைக்கும் இதுக்கப்புறம் ஒரு பெரிய பாரா இருந்துச்சு. முதுமையின் தனிமை எவ்வளவு கொடியது, இன்றைய தலைமுறை, இயந்திர வாழ்க்கை, எல்லாம் இருந்துச்சு, ஒரு சொட்டுக் கண்ணீர் கூட அட்டை மேல விழுந்துச்சு. தீப்பெட்டி ஆபீஸ் கூட்டாளி பேனாவை எடுத்து அந்த பாராவுக்குக் குறுக்க ஒரு கோடு போட்டான், ஒண்ணுமே சொல்லல. எனக்குக் கோவம், ரெண்டு நாள் பேசல. அப்புறம் கோடு போட்டது போக மிச்சத்தைப் படிச்சுப் பாத்தேன். இப்ப கதை "கத்திரியை எடுத்தேன்"ல முடியுது. கதையை முடிச்சதும் கடைசி பாராவை ஒரு விரலால மறைச்சு வச்சுப் படிச்சுப் பாருங்க, பத்துக்கு எட்டு தடவை அது இல்லாமலே நல்லா இருக்கும், நமக்குத்தான் படிக்கிறவனுக்குப் புரியாம போயிருமோன்னு பயம்.

அழகிரிசாமியோட 'அன்பளிப்பு' படிக்காதவங்க இந்த பாராவைத் தாண்டிப் போயிருங்க, முடிவைச் சொல்லப் போறேன். எல்லாப் பிள்ளைங்களுக்கும் அன்பா இருக்கிற ஒருத்தர், சாரங்கன்னு ஒரு பையனை மட்டும் கவனிக்காம விட்டுருவாரு. கடைசில அந்தப் பையனே ஒரு டைரியைக் கொண்டாந்து நீட்டி எழுதித் தரச் சொல்லுவான், என்ன எழுதணும்னும் அவனே சொல்லுவான். அதோட சரி. அவர் மனசு என்ன பாடுபட்டுச்சுன்னு ஒரு வார்த்தை வராது. இதுக்கு நேர் எதிரா புதுமைப்பித்தன் 'பொன்னகரம்' முடிவுல நேரா நம்ம மூஞ்சியைப் பாத்துப் பேசுவாரு, அங்க அது சாட்டை மாதிரி விழும். அப்ப கதைக்குள்ள வந்து பேசக் கூடாதுன்னு எப்படிச் சொல்றன்னு கேட்டா, அவரு சொல்றது நாம எதிர்பாக்காத ஒண்ணு, நான் எழுதின பாரா காலண்டர் பின்னாடி இருக்கிறது, அதான் வித்தியாசம்.

யார்கிட்ட படிக்கக் குடுக்கிறதுங்கறது முக்கியம். வீட்ல குடுத்தா "நல்லாருக்கு, சாப்புட வாங்க"ம்பாங்க. நெறைய படிக்கிற ஒரே ஒரு ஆளு போதும், அந்த ஆள்கிட்ட "எப்படி இருக்கு?"ன்னு கேக்காதீங்க, "எங்க போர் அடிச்சுது, எந்த எடத்துல திரும்பிப் போயி படிக்க வேண்டியிருந்துச்சு?"ன்னு கேளுங்க. எங்கன்னு அவங்க காட்டுறது பெரும்பாலும் சரியா இருக்கும், எப்படித் திருத்தணும்னு சொல்றது பெரும்பாலும் அவங்க கதையா இருக்கும், அதை மரியாதையா கேட்டுட்டு விட்டுருங்க. அதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை சத்தமா வாசிங்க, வாசிச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணி மறுநாள் பஸ்ல கேளுங்க. நாக்கு தடுக்குற எடமெல்லாம் திருத்த வேண்டிய எடம். வாய்ஸ் டைப்பிங்ல கதை சொல்லிப் பாத்தேன், 'இங்கன'வை 'இங்கிலாந்து'ன்னு போட்டு என்னை லண்டன்காரன் ஆக்கிருச்சு, திருத்துற நேரத்துக்கு கையாலயே அடிச்சிரலாம்.

தெரிஞ்சவங்களை வச்சு எழுதும்போது ஜாக்கிரதை. சொந்தக்காரங்க ஒருத்தங்க வீட்டு நகை விஷயத்தை பேரை மட்டும் மாத்தி எழுதிட்டேன், அது பத்திரிகைல வந்து, ஒரு கல்யாண வீட்ல வச்சு அவங்க என்னைப் பாத்த பார்வை இருக்கே. பேரை மட்டும் மாத்தினா பத்தாது. ஆணைப் பொண்ணாக்குங்க, ஊரை மாத்துங்க, நகையை நெலமாக்குங்க, ரெண்டு பேரை ஒருத்தராக் கலக்குங்க. இப்படி மாத்தும்போது கதையும் நல்லா ஆகும், ஏன்னா அப்பத்தான் நீங்க நடந்ததை ஒப்பிக்கிறதை விட்டுட்டு கற்பனை பண்ண ஆரம்பிக்கிறீங்க. நெசத் தாத்தா அட்டையை வெட்டித் தரச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்ல, அது நான் போட்டது.

நேரம்? எனக்கு கடை மத்தியானம் ஒண்ணரைலேந்து நாலு வரைக்கும் கூட்டம் இருக்காது, அதுல அரை மணி நேரம். தெனம் எழுதுறேன்னு பொய் சொல்ல மாட்டேன், வாரத்துல நாலு நாள் உக்காந்தா பெருசு. ஒரு கதை 1200லேந்து 1800 வார்த்தைக்குள்ள வச்சுப் பழகுங்க, ரெண்டு மூணு வாரத்துல ஒண்ணு முடிஞ்சிரும். முடிக்கிறதுதான் முக்கியம், மோசமா இருந்தாலும் முடிங்க. நடுவுல விட்ட பத்து கதை தொடக்கம் எழுத மட்டுந்தான் கத்துக் குடுக்கும், முடிக்கத் தெரியாமலே போயிரும். முடிச்சதை ஒரு மாசம் கண்ணுலயே படாம வச்சிட்டு அப்புறம் எடுங்க, யாரோ எழுதின மாதிரி தெரியும், அப்ப வெட்ட மனசு வரும்.

பத்திரிகைக்கு அனுப்பும்போது ஒரே கதையை ஒரே நேரத்துல ரெண்டு எடத்துக்கு அனுப்பாதீங்க, யூனிகோடுல அடிச்சு அனுப்புங்க, காப்பி ஒண்ணு வச்சுக்கோங்க, அப்புறம் மறந்திருங்க. பதில் வராது, வராததுதான் பதில். இன்னொண்ணு, நாலஞ்சு கதை சேந்த உடனே "தொகுப்பா போடலாம் சார், இவ்வளவு கட்டுங்க"ன்னு போன் வரும். எனக்கும் வந்துச்சு, கட்டவும் கட்டினேன், இன்னைக்கும் கட்டில் அடில ரெண்டு பெட்டி இருக்கு, சொந்தக்காரங்க வீட்டு விசேசத்துக்கெல்லாம் எடுத்துட்டுப் போறேன். பொழுதுபோக்குக்கு எழுதுறவங்க அந்தக் காசுல நூறு புத்தகம் வாங்கிப் படிக்கலாம்.

மாத்திரைக் கதை ரெண்டு எடத்துலேந்து பதில் இல்லாம போயி மூணாவது எடத்துல வந்துச்சு. தாத்தாகிட்ட காட்டலாமான்னு யோசிச்சேன், காட்டல, படிச்சிட்டு நாளைலேந்து வராம போயிட்டாருன்னா? இப்ப நோட்டுல வேற ஒரு வரி கெடக்கு. ஒரு அம்மா கிரைப் வாட்டர் வெலை கேட்டுட்டு வாங்காம போச்சு, மூணு நாள் கழிச்சு வந்து திரும்பவும் வெலை மட்டும் கேட்டுச்சு. மொத ரெண்டு முடிவை எழுதி ஓரமா வச்சிட்டேன், மூணாவது இன்னும் வரல.